கைப்பேசித் துன்புறுத்தல் பள்ளி வாசலுக்கு வரும்போது: புதிய தலைமையாசிரியருக்கு ஒரு சட்ட வழிகாட்டி

தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி, உடன் படிக்கும் மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டிருந்தார்கள். அவருடைய தாய் கைநடுக்கத்துடன் அந்தப் படத்தைக் காட்டியபோது, "ஆதாரத்துக்கு இருக்கட்டும், என் நம்பருக்கு அனுப்பிடுங்கம்மா" என்றேன். வந்த படத்தை உதவித் தலைமையாசிரியருக்கும் நிர்வாகச் செயலருக்கும் அனுப்பிவைத்தேன். அந்தக் குழந்தையைக் காக்க வேண்டிய மூன்று பேரின் கைப்பேசிகளில் மதியத்துக்குள் அந்தப் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் இதைக் கேட்ட வழக்கறிஞர் நண்பர், "பையன் பண்ணதையேதான் நீங்களும் பண்ணியிருக்கீங்க சார், நோக்கம் மட்டும்தான் வேற" என்றார்.

தமிழ்நாட்டில் அரசு, உதவி பெறும், தனியார் பள்ளி எதுவாயினும் அதன் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவருக்காக இதை எழுதுகிறேன். இத்தகைய புகார் வந்ததும் நம்மில் பெரும்பாலோர் உடனே இறங்கும் வேலை பஞ்சாயத்து: இரு தரப்புப் பெற்றோரையும் வரவழைத்து, பையனை மன்னிப்புக் கேட்க வைத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக் கோப்பை மூடிவிடுவது. சட்டம் நம்மிடம் கேட்பது இதை அன்று. தெரிய வந்ததை உரியவரிடம் சொல்வதும், ஆதாரத்தைக் கலைக்காமல் வைப்பதும், இரு தரப்புக் குழந்தைகளும் பள்ளியில் தொடர்ந்து பாதுகாப்பாகப் படிக்க வழி செய்வதுமே நம் கடமை. குற்றமா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் வேலையைச் சட்டம் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கவில்லை.

முதலில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

இணையவழித் துன்புறுத்தலுக்கென்று தனியாக ஒரே சட்டம் இந்தியாவில் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012, இளைஞர் நீதிச் சட்டம் 2015, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆகியவற்றில் சிதறிக் கிடக்கும் பிரிவுகளை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய சுற்றறிக்கைகளிலும் பள்ளி விதிமுறைத் தாள்களிலும் "66ஏ பிரிவின்படி நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வரியை இன்றும் காணலாம். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் பள்ளி நாட்குறிப்பில் அந்த வரி இருந்தால் முதல் வேலையாக அதை நீக்கிவிடுங்கள்.

புகார் வந்ததும் உங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இதில் பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் பாலியல் நோக்கில் குறிவைக்கப்பட்டிருக்கிறாரா? ஆம் என்றாலோ, அப்படி இருக்கக்கூடும் என்று ஐயம் எழுந்தாலோ, அது போக்சோ வழி. அங்கே உங்கள் விருப்புரிமைக்கு இடமில்லை. இல்லை என்றால் பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கைக்கு அதிக இடம் உண்டு. பாதிக்கப்பட்டவர் மாணவரா மாணவியா என்பதைப் போக்சோ பொருட்படுத்துவதில்லை. சிறுவன் ஒருவனின் படத்தை வைத்து மிரட்டினாலும் அதே சட்டம்தான்.

போக்சோ என்றதும் உடலைத் தொட்டு நிகழும் குற்றங்களை மட்டுமே பலர் நினைக்கிறார்கள். அச்சட்டத்தின் 11ஆம் பிரிவை நிதானமாக ஒருமுறை வாசியுங்கள். பாலியல் நோக்கத்துடன் ஒரு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், குழந்தையின் உடலைக் காட்டும் உண்மையான அல்லது புனையப்பட்ட படத்தை ஊடகத்தில் பயன்படுத்துவதாக மிரட்டுவதும் அதில் அடங்கும். "புனையப்பட்ட" என்ற சொல் சட்டத்திலேயே இருப்பதால், மார்ஃபிங் படத்தையோ டீப்ஃபேக் காணொளியையோ "நிஜப் படம் இல்லையே" என்று ஒதுக்கிவிட முடியாது. படம் இன்னும் வெளியாகவில்லை, மிரட்டல் மட்டுமே நடந்திருக்கிறது என்றாலும் குற்றம் நிகழ்ந்துவிட்டது.

முதல் ஒரு மணி நேரம்

குழந்தையை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் நம்பும் ஆசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். "நீ ஏன் போட்டோ அனுப்பின?" என்ற கேள்வி அறைக்குள் எழவே கூடாது. சொன்னதைச் சொன்னபடியே, அவருடைய சொற்களிலேயே, தேதியும் நேரமும் இட்டு ஒரே ஒரு முறை எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியர், உதவித் தலைமையாசிரியர், தாளாளர் என்று ஆளுக்கொரு முறை சொல்ல வைப்பது அந்தக் குழந்தைக்கு இழைக்கும் கொடுமை. வழக்கு நடந்தால், ஒவ்வொரு முறை சொன்னதற்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடுகளும் எதிர்த்தரப்புக்கே உதவும்.

அடுத்தது படம். உங்கள் கைப்பேசிக்கு அதை அனுப்பச் சொல்லாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், அச்சிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, குழந்தைகளைப் பாலியல் முறையில் காட்டும் பதிவுகளை வெளியிடுவதோடு, சேகரிப்பதையும் பதிவிறக்குவதையும் பரிமாறுவதையும் சேர்த்தே குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வைத்திருப்பதைப் பற்றிய போக்சோ 15ஆம் பிரிவுக்கு 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் விரிவான விளக்கம் அளித்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மாறுபட்ட தீர்ப்பை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின் "டெலிட் பண்ண மறந்துட்டேன்" என்று சொல்லித் தப்புவது எளிதன்று.

அப்படியானால் ஆதாரம்? படம் எந்தக் கைப்பேசிக்கு வந்ததோ அங்கேயே இருக்கட்டும். அந்தக் கைப்பேசியைப் பெற்றோர் பத்திரமாக வைத்திருந்து காவல்துறையிடம் நேரில் ஒப்படைக்கட்டும். நீங்கள் குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: எந்தச் செயலி, குழுவின் பெயர், அனுப்பிய கணக்கின் பெயர் எழுத்துப் பிசகாமல், தேதி, நேரம், யார் உங்களிடம் காட்டினார், அப்போது உடன் இருந்தவர் யார். வெறும் வசைச்சொற்களாக, பாலியல் உள்ளடக்கம் ஏதுமின்றி இருக்கும் செய்திகளுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது நீதிமன்றத்தில் ஏற்கப்படப் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும் என்பதால், மூலக் கருவியைத் தொலைத்துவிட்டு அச்சுத்தாளை மட்டும் பத்திரப்படுத்துவதால் பயன் குறைவு.

குற்றம் சாட்டப்பட்ட மாணவர் பள்ளிக்குள் கைப்பேசியோடு பிடிபட்டால் என்ன செய்வது என்று புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். விதிமுறைப்படி வாங்கி வைக்கலாம். திறந்து பார்க்கக் கூடாது. கடவுச்சொல்லை வற்புறுத்திக் கேட்பதும், மற்ற மாணவர்கள் முன்னிலையில் உரையாடல்களைப் புரட்டுவதும், 2017இல் அடிப்படை உரிமையென்று அறிவிக்கப்பட்ட தனியுரிமையில் கைவைப்பதாகும். "சார்தான் டெலிட் பண்ணார்" என்ற எதிர்வாதத்துக்கும் அது கதவைத் திறந்துவிடும். அணைத்து, உறையிலிட்டு ஒட்டி, மேலே இருவர் கையெழுத்திட்டு, பெற்றோரிடமோ காவல்துறையிடமோ கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி ஒரு பெயரை முடிவு செய்வதும் ஆபத்தானது. 2020 மே மாதம் தில்லியில் "பாய்ஸ் லாக்கர் ரூம்" என்ற இன்ஸ்டாகிராம் குழு பற்றிய செய்தி நாடெங்கும் பரவியபோது, அதோடு சேர்ந்து சுற்றிய ஸ்னாப்சாட் உரையாடல் ஒன்று அந்தக் குழுவுக்குத் தொடர்பற்றது என்றும், ஆண் பெயரில் போலிக் கணக்கு வைத்திருந்த சிறுமி ஒருவரே அதில் பேசியிருந்தார் என்றும் தில்லி காவல்துறை பின்னர் கண்டறிந்தது. எனவே உங்கள் குறிப்பில் "இன்ன மாணவர் அனுப்பினார்" என்று எழுதாமல் "இன்ன பெயருள்ள கணக்கிலிருந்து வந்துள்ளது" என்றே எழுதுங்கள்.

யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது

போக்சோ 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். இதில் தலைமையாசிரியர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அறிக்கை அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். துறைக்கு அறிக்கை அனுப்புவது பணி விதி. காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. தாளாளரின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தன் கட்டுப்பாட்டில் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் அது ஓராண்டு வரை நீளும். நல்லெண்ணத்தில் தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பும் 19ஆம் பிரிவிலேயே உள்ளது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பள்ளி விடுதிச் சிறுமிகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் தகவல் தெரிவிக்கவில்லை என்ற வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்து, தெரிந்தும் சொல்லாதிருப்பது கடுமையான குற்றம் என்று தெளிவாக்கியது.

தெரிவிப்பவர் இத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவு வகுக்கவில்லை என்றாலும், தகவல் பெற்ற காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமத்துக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்த வேகத்தை வைத்துப் பார்த்தால் நமக்கு அன்றே என்றுதான் பொருள். அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: "இன்று காலை 9.40 மணிக்கு எங்கள் பள்ளியில் பயிலும் ஒரு குழந்தையும் அவருடைய தாயாரும் என்னைச் சந்தித்து, குழந்தையின் உருமாற்றப்பட்ட படம் வாட்ஸ்அப் குழுவொன்றில் பகிரப்பட்டதாகத் தெரிவித்தனர். போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி இத்தகவலைத் தெரிவிக்கிறேன். குழந்தையின் விவரங்கள் தனியே மூடிய உறையில் இணைக்கப்பட்டுள்ளன." உங்கள் கருத்து, மாணவரின் நடத்தை, குடும்பப் பின்னணி எதுவும் அதில் வேண்டாம். நிலையத்தை விட்டு வெளியே வருமுன் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையோ முதல் தகவல் அறிக்கையின் நகலையோ கேட்டு வாங்குங்கள். இவற்றோடு 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும், தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்துக்கும் தெரிவிக்கலாம். 1930 என்ற எண்ணும் இணையக் குற்றங்களுக்கானதே.

இந்தக் கட்டத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோரே கையெடுத்துக் கும்பிடுவார்கள். "சார், கேஸ் கீஸ்னு போனா பொண்ணு பேரு கெட்டுடும், விட்டுடுங்க." அவர்களுடைய அச்சம் நியாயமானது, ஆனாலும் அவர்கள் வேண்டாம் என்பதால் உங்கள் கடமை மறைந்துவிடாது. அதட்டாமல் எடுத்துச் சொல்லுங்கள். வாக்குமூலம் குழந்தையின் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ பதிவு செய்யப்படும். இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவரே, சீருடை அணியாமல் வருவார். எந்தக் குழந்தையையும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ பள்ளியையோ ஊடகத்தில் வெளியிடுவது குற்றம். இவை அனைத்தும் போக்சோ சட்டத்திலேயே உள்ளன. இதை யாராவது பொறுமையாகச் சொன்னால் பாதிப் பெற்றோரின் முகம் தெளிவதை நான் கண்டிருக்கிறேன்.

பரவிக்கொண்டிருக்கும் படத்தை நிறுத்துவது தனி வேலை. சமூக ஊடகத் தளங்களைக் கட்டுப்படுத்தும் 2021ஆம் ஆண்டின் இடைநிலையர் விதிகள் வகுக்கப்பட்டபோதே, அந்தரங்கப் படமோ உருமாற்றப்பட்ட படமோ பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு ஆணையிட்டன. பெற்றோர் உடனிருக்க, செயலிக்குள்ளேயே புகார் கொடுக்க உதவுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்காக "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் பதிவேற்றாமல், அதன் எண்வழிக் கைரேகையை மட்டும் எடுத்து, அதில் பங்கேற்கும் தளங்களில் படத்தைத் தடுக்க அது வழிசெய்கிறது.

பாலியல் சாயல் இல்லாத வழக்குகள்

இவைதான் எண்ணிக்கையில் அதிகமாக நம் மேசைக்கு வருபவை: நிறத்தை வைத்துச் செய்த மீம், வகுப்பில் அழகில்லாதவர் யார் என்ற வாக்கெடுப்பு, ஆசிரியர் பெயரில் போலிக் கணக்கு, சாதிப் பெருமை பேசும் ஸ்டேட்டஸ். போலிக் கணக்குக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி பிரிவுகளும், மிரட்டலுக்கு நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவும் பொருந்தலாம். சாதி சார்ந்த இழிவைச் சாதாரணக் கேலியாக எண்ணிவிடாதீர்கள்; பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 வரை அது செல்லக்கூடும். 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகும் எந்தத் தலைமையாசிரியரும் "பசங்க விளையாட்டு" என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

பலரும் மறந்துபோன சட்டம் ஒன்றும் நம் மாநிலத்தில் உண்டு. 1996இல் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997, கல்வி நிறுவனத்தின் உள்ளேயும் வெளியேயும் ராகிங்கைத் தடை செய்கிறது. அச்சத்தையோ அவமானத்தையோ உண்டாக்கும் கேலியும் அதன் வரையறைக்குள் வரும். புகார் வந்ததும் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். விசாரிக்கத் தவறினால் அவரும் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார். தண்டனை இரண்டு ஆண்டு வரை. நடைமுறையில் கல்லூரிகளிலேயே அதிகம் பேசப்படும் சட்டம் என்றாலும், "வெளியேயும்" என்ற அந்த ஒரு சொல்லை மனத்தில் வையுங்கள்.

ஏனென்றால், "இரவு பதினோரு மணிக்கு வீட்டில் நடந்ததற்குப் பள்ளி என்ன செய்யும்?" என்பதே நம் வழக்கமான பதில். இரவில் அனுப்பிய செய்திக்காக நம்மைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். காலையில் தெரிந்த பிறகு என்ன செய்தோம் என்பதைக் கேட்பார்கள். 1995இல் பியாஸ் ஆற்றில் பள்ளிச் சுற்றுலாக் குழந்தைகள் 14 பேர் மூழ்கிய வழக்கில், குழந்தைகளைப் பெற்றோர் நிலையிலிருந்து கவனிக்கும் கடமை பள்ளிக்கு உண்டு என்ற அடிப்படையில் 2001இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதி செய்தது. பேருந்துக்கும் ஆற்றுக்கும் பொருந்தும் அந்தக் கவனிப்புக் கடமை, தெரிந்தே விடப்பட்ட துன்புறுத்தலுக்கு மட்டும் பொருந்தாது என்று வாதிடுவது கடினம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021ஆம் ஆண்டுப் பள்ளிப் பாதுகாப்பு நெறிமுறைகள் நிர்வாகத்தின் அலட்சியத்துக்குப் பொறுப்பை வரையறுக்கின்றன. அவற்றை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

செய்த மாணவரும் நம் மாணவரே

கோபத்தில் எடுக்கும் முடிவுகளே பள்ளியை நீதிமன்றத்துக்கு இழுக்கின்றன. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவு. உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவு தடுக்கிறது. காலை வழிபாட்டில் பெயர் சொல்லி நிறுத்துவது, பெற்றோர் குழுவில் பெயரைப் போடுவது ஆகியவை, விசாரணையில் உள்ள சிறாரின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கும் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் உங்களையே சிக்க வைக்கக்கூடும். உயர் வகுப்பு மாணவர் மீது நடவடிக்கை தேவையென்றால், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பெற்றோர் முன்னிலையில் விளக்கம் கேட்டு, காரணம் குறிப்பிட்ட ஆணையாகப் பிறப்பியுங்கள்.

அந்த மாணவரின் பெற்றோரும் நடுங்கிப்போய்த்தான் வருவார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க முடியாது என்பதையும், வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்கே போகும் என்பதையும், அங்கே தவறு உறுதியானாலும் அதனால் பின்னாளில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதியிழப்பு வராது என்று அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு பாதுகாப்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். வயது வந்தோரைப் போல விசாரிக்கப்படுவது பதினாறு வயதைக் கடந்தவர் செய்த மிகக் கொடிய குற்றங்களில் மட்டுமே எழும் கேள்வி.

இன்னொரு வழக்கத்தையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. "சூழல் சரியில்லை, டி.சி. வாங்கிக்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க" என்ற சொல் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட மாணவியை நோக்கித்தான் வருகிறது. கோப்பில் அது "பெற்றோர் விருப்பத்தின்பேரில்" என்று பதிவாகும். பிரிவு மாற்ற வேண்டியிருந்தால் செய்தவரை மாற்றுங்கள். பாதிக்கப்பட்டவரின் இருக்கையும் தோழிகளும் அவருடனே இருக்கட்டும். அவர் சாப்பாட்டு வேளையில் தனியே உட்காரத் தொடங்கினாலோ, வருகை குறைந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ மாநிலத்தின் 104 எண்ணையோ அன்றே பெற்றோருடன் சேர்ந்து அழையுங்கள்.

புகார் வருமுன் செய்து வைக்க வேண்டியவை

2021 முதல் தமிழகப் பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும் "மாணவர் மனசு" புகார்ப் பெட்டியும் இருக்க வேண்டும். பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கினால் யாரும் அதில் தாள் போட மாட்டார்கள்; கழிப்பறைக்குப் போகும் வழியில் வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417ஐயும் 1098ஐயும் சுவரில் எழுதுங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளியாக இருந்தால் 2015 சுற்றறிக்கையின்படி துன்புறுத்தல் தடுப்புக் குழுவும் வேண்டும். போக்சோ விதிகள் 2020இன் மூன்றாம் விதிப்படி, குழந்தைகளோடு பழகும் பணியாளர் அனைவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பயிற்சியும் கட்டாயம். அலுவலக உதவியாளரும் வேன் ஓட்டுநரும் அதில் அடக்கம்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு ஆசிரியர் அட்மினாக இருப்பதாலேயே, பிறர் போடும் பதிவுக்கு அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அப்படியே கூறியது. ஆனாலும் குழுவில் வந்த இழிவைப் பார்த்தும் பேசாமல் இருந்த ஆசிரியரை அந்தத் தீர்ப்பு துறை விசாரணையிலிருந்து காப்பாற்றாது. இரவு எட்டு மணிக்கு மேல் அட்மின்கள் மட்டுமே எழுதும்படி அமைத்துவிடுவது எளிய தீர்வு.

கடைசியாக, பக்க எண் அச்சிட்ட ஒரு நிகழ்வுப் பதிவேடு வாங்கி, பீரோவில் பூட்டி வையுங்கள். தகவல் எப்போது வந்தது, யாரிடம் எப்போது தெரிவிக்கப்பட்டது, சி.எஸ்.ஆர். எண் என்ன, குழந்தையை அடுத்து என்று சந்தித்தீர்கள் என்ற நான்கு பத்திகள் போதும். குழந்தையின் பெயருக்குப் பதிலாக ஒரு குறியீட்டு எண் இருக்கட்டும். பெயர்ப் பட்டியலைத் தனி உறையில் வையுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போகும் நாளில் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அந்தப் பதிவேட்டையும் சேர்த்து, அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.